முலைக்காம்பு உள்ளிழுபடுதல்: எப்போதிலிருந்து என்ற கேள்வி

முலைக்காம்பு வெளியே நீட்டி நிற்காமல் மார்பகத் தோலின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இழுபட்டுக் கிடப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில அழற்சியால் வருபவை, சில தொற்றால். ஒன்று புற்றுநோய். இவற்றைப் பிரித்தறிவதற்குக் காம்பின் தோற்றம் ஓரளவு உதவும். அது எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்ற விவரம் அதைவிடக் கூடுதலாக உதவும். பருவமடைந்த காலத்திலிருந்தே இரு பக்கமும் உள்ளே இருக்கும் காம்பும், ஐம்பது வயதைத் தாண்டிய பின் சில மாதங்களுக்குள் ஒரு பக்கம் மட்டும் உள்ளே போன காம்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியலாம். முன்னதைப் பற்றிப் பெரும்பாலும் கவலைப்பட எதுவும் இல்லை. பின்னதைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படும்வரை விட்டுவிட முடியாது.

காம்பு ஏன் உள்ளே போகிறது என்பதற்கு முன்னால், அது எதனால் வெளியே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மார்பகத்தின் பால் சுரக்கும் மடல்களிலிருந்து வரும் நாளங்கள் காம்புக்குக் கீழே ஒன்றுகூடி, அதன் ஊடாக ஏறி, நுனியில் சிறு துளைகளாகத் திறக்கின்றன. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்தவர்களின் மார்பகங்களில் மெழுகு செலுத்தி இந்த நாளங்களை வரைந்து 1840இல் வெளியிட்டார். அன்று தொட்டுப் பாடநூல்கள் 15 முதல் 20 நாளங்கள் என்று எழுதிவந்தன. 2005இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மாரை ஸ்கேன் செய்து பார்த்தபோது காம்பை எட்டும் பிரதான நாளங்கள் சராசரியாக 9 மட்டுமே இருந்தன. எண்ணிக்கை எதுவானாலும் இந்த நாளங்களைச் சுற்றி மென்தசை இழைகளும் இணைப்புத் திசுவும் இருக்கின்றன. தசை சுருங்கும்போது காம்பு விறைத்து நிற்கிறது. கீழுள்ள இணைப்புத் திசு அதைத் தாங்குகிறது. நாளங்கள் குட்டையாக இருந்தாலோ, பின்னாளில் சுருங்கினாலோ, தாங்கும் திசு குறைவாக இருந்தாலோ, காம்பு உள்நோக்கி இழுபடும். எல்லாக் காரணங்களும் இந்த மூன்றில் ஒன்றின் வழியாகவே செயற்படுகின்றன.

பிறப்போடு வரும் வகையின் தொடக்கம் கருவில் இருக்கிறது. கருவில் மார்பகம் முதலில் தோலில் ஒரு தடிப்பாகத் தோன்றி உள்நோக்கி வளர்கிறது. நாளங்கள் உருவானதும் அவை திறக்கும் இடம் ஒரு சிறு குழியாக இருக்கும். பிறப்பை ஒட்டிய காலத்தில் அந்தக் குழிக்கு அடியிலுள்ள திசு பெருகி, குழியை வெளியே தள்ளிக் காம்பாக்குகிறது. இந்தக் கடைசி வேலை முழுமை பெறாவிட்டால் குழி குழியாகவே நின்றுவிடுகிறது. பிறவியிலேயே உள்வாங்கிய காம்பு என்பது, ஆகவே, நோய் என்பதைவிட முடிவு பெறாத ஒரு வளர்ச்சிக் கட்டம் என்றே சொல்லத் தக்கது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே மாதிரி இருப்பதும் உண்டு. 1999இல் கொரியாவில் வெளியான ஓர் ஆய்வு இளம் பெண்களில் சுமார் 3 சதவீதத்தினரிடம் இதைக் கண்டது. அவர்களில் பெரும்பான்மையோருக்கு இரு பக்கமும் அப்படியே இருந்தது.

அதே ஆண்டு ஹான், ஹாங் என்ற இரு கொரிய அறுவை மருத்துவர்கள் இதை மூன்று படிகளாகப் பிரித்தனர். முதற்படியில் காம்பை விரலால் மெல்ல இழுத்தால் வெளியே வந்து அப்படியே நிற்கும். இரண்டாம் படியில் வெளியே வரும், விட்டவுடன் திரும்ப உள்ளே போகும். மூன்றாம் படியில் இழுத்தாலும் வருவது அரிது. அங்கே நாளங்கள் குட்டையாகவும் இறுகியும், சுற்றுத் திசு நார்ப்பட்டும் இருக்கும். இந்தப் பிரிவு அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்கவே வகுக்கப்பட்டது. ஆனாலும் அதன் பெரிய பயன் பிரசவ விடுதியில்தான், ஏனெனில் பாலூட்டல் எவ்வளவு சிரமமாக இருக்கும் என்பதை இந்த எளிய இழுப்புச் சோதனையே ஓரளவு சொல்லிவிடுகிறது.

இலங்கையில் பிறவி வகை பொதுவாக வெளிச்சத்துக்கு வருவது கர்ப்பகாலத்தில். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், மகாவலியின் இடக்கரையில் இருக்கும் வில்கமுவ போன்ற ஒரு விவசாயப் பிரதேசத்திலும் கர்ப்பிணி ஒருவர் முதலில் சந்திப்பது குடும்ப நல உத்தியோகத்தரைத்தான். அவர் வீட்டுக்கு வருவார், பதிவார், சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்கு அனுப்புவார். பாலூட்டலுக்கான ஆலோசனையும் அங்கேயே தொடங்குகிறது. காம்பு உள்ளே இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய் தடவி இழுத்துவிடச் சொல்வதும், பிள்ளைக்குப் பால் கிடைக்காது என்று முன்கூட்டியே பவுடர் பால் டின் வாங்கி வைப்பதும் உண்டு. இரண்டும் தேவையற்றவை. கர்ப்பகாலத்தில் காம்பை இழுக்கும் பயிற்சிகளும், உள்ளாடைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் ஓடுகளும் ஒருகாலத்தில் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டவைதான். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் கனடாவிலும் நடந்த ஒப்பீட்டுச் சோதனைகளில், அவற்றைச் செய்த தாய்மாருக்கும் செய்யாத தாய்மாருக்கும் இடையே, பிரசவத்துக்கு ஆறு வாரத்தின் பின் தாய்ப்பால் கொடுத்த அளவில் பயன்தரும் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

பயன் இல்லாமற்போனதற்குக் காரணம் எளிது. குழந்தை காம்பை மட்டும் பிடித்துக் குடிப்பதில்லை. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய் நிறைய எடுத்துக்கொண்டு, நாக்கால் அதை அண்ணத்தோடு அழுத்திப் பாலை எடுக்கிறது. காம்பு வாய் எங்கே பொருந்த வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் மாத்திரம். கருவட்டத் திசு இளகி நீளக்கூடியதாக இருந்தால், காம்பு உள்ளே இருந்தாலும் குழந்தை பிடித்துவிடும். கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் பிரசவத்தின் பின்னரும் அந்தத் திசு தானாகவே இளகுவதால், பல தாய்மாருக்கு இரண்டாம் குழந்தையின்போது பிரச்சினையே இருப்பதில்லை. சிரமம் வருவது பெரும்பாலும் முதல் குழந்தையின் முதல் வாரத்தில், அதிலும் மார்பு பால் கட்டி இறுகிவிட்ட நாட்களில்.

அந்த நாட்களுக்கு ஒரு மலிவான உபாயம் தென்னிந்தியாவிலிருந்து வந்தது. கர்நாடகத்தின் தாவணகெரேயைச் சேர்ந்த குழந்தை வைத்திய நிபுணர் நிர்மலா கேசரியும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் அதை வெளியிட்டனர். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, ஊசி பொருத்தும் முனையைக் கூரிய கத்தியால் வெட்டிவிட வேண்டும். உள்ளே இருக்கும் தண்டை வெளியே எடுத்து, வெட்டிய பக்கத்திலிருந்து திரும்ப நுழைக்க வேண்டும். இப்போது வெட்டுப்படாத, வழவழப்பான பக்கம் காம்பின்மேல் வைக்கத் தயாராக இருக்கும். தாய் அதை மார்பில் பொருத்தித் தண்டை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் உண்டாகும் வெற்றிடத்தில் காம்பு குழாய்க்குள் எழும்பி வரும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே வைத்திருந்து, வலித்தால் இழுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது தண்டைச் சற்று முன்னுக்குத் தள்ளி வெற்றிடத்தை விடுவித்த பிறகே எடுக்க வேண்டும். இல்லையேல் தோல் காயப்படும். இதைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன்னும், நாளில் சில தடவையும் செய்வார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் தயாரித்த பாலூட்டல் ஆலோசனைப் பயிற்சியில் இந்த முறை இடம்பெற்று உலகம் சுற்றிவிட்டது. சிரிஞ்சின் அளவு காம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும், இழுக்கும் கை தாயின் கையாகவே இருப்பதும் முக்கியம். இதே வேலைக்கு உறிஞ்சு கருவிகள் காசுக்கு விற்கப்படுகின்றன. ஒரு வெட்டிய சிரிஞ்ச் செய்யாத எதையும் அவை பெரிதாகச் செய்துவிடுவதில்லை.

2016இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதாரக் கணிப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே பெற்றன. ஆனால் உள்வாங்கிய காம்புள்ள தாய்மாரைப் பற்றி இந்த எண்ணிக்கை தனியாக எதுவும் சொல்வதில்லை. மூன்றாம் படியில் இருந்து எதுவும் பலிக்காத சிலருக்குப் பாலைக் கையால் கறந்து கோப்பையால் ஊட்டும் வழி இருக்கிறது. அழகுக்காகவோ தொடர்ந்து வரும் புண்ணுக்காகவோ அறுவை செய்துகொள்வதும் உண்டு. ஆனால் இறுகிய வகையில் குட்டையான நாளங்களை வெட்டாமல் காம்பை வெளியே நிறுத்துவது கடினம். வெட்டினால் பின்னாளில் அந்தப் பக்கம் பாலூட்ட முடியாமற்போகலாம். குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்ணுக்கு அறுவைக்கு முன்னாலேயே இது சொல்லப்பட வேண்டும்.

பிறவி வகையில் அரிதாக வேறொரு பொருளும் அடங்கியிருக்கிறது. பெல்ஜியக் குழந்தை வைத்தியர் ஜாக் ஜேக்கன் 1980இல் முதன்முதலில் விவரித்த, புரதங்களோடு சர்க்கரைச் சங்கிலிகள் சரியாக இணையாத ஒரு மரபணு நோயில், தளர்ந்த தசை, வளர்ச்சித் தாமதம், பிட்டத்தின் மேல் வழமைக்கு மாறான கொழுப்புத் திரட்சி ஆகியவற்றோடு உள்வாங்கிய காம்பும் ஓர் அடையாளம். டர்னர் குறைபாட்டிலும் இது காணப்படுகிறது. நலமாக வளரும் ஒரு குழந்தையின் உள்வாங்கிய காம்பைக் கண்டு இந்நோய்களைத் தேடிப் புறப்பட வேண்டியதில்லை.

இனி, முன்பு வெளியே இருந்து பின்னாளில் உள்ளே போன காம்பு. இங்கேயும் எல்லாம் நோயல்ல. வயதோடு சுரப்புத் திசு சுருங்கிக் கொழுப்பும் நாரும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன, நாளங்கள் குட்டையாகின்றன. மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான பின் இரு காம்புகளும் மெல்ல மெல்ல, ஒரே அளவில் தட்டையாவது இதனால்தான். குறுகிய காலத்தில் உடல் எடை மிகக் குறைந்தாலும், பாலூட்டல் முடிந்து மார்பகம் சுருங்கினாலும் காம்பைத் தாங்கிய திசு குறையும். முன்னர் செய்த மார்பக அறுவை, கதிர்வீச்சு, சீழ்க்கட்டி கீறிய தழும்பு, அடிபட்டதால் கொழுப்பு நசிந்து உண்டான கட்டி ஆகியவையும் தழும்பாகச் சுருங்கி இழுக்கும். கொழுப்பு நசிவு ஒரு தொல்லை பிடித்த விருந்தாளி. விரலுக்கும் மமோகிராம் படத்துக்கும் அது புற்றுநோயைப் போலவே தோன்றும். பலருக்கு அடிபட்டதே நினைவில் இருக்காது.

நாற்பதுகளின் பிற்பகுதியிலும் ஐம்பதுகளிலும் அடிக்கடி காணப்படும் காரணம் நாள விரிவு. காம்புக்குக் கீழுள்ள பெரிய நாளங்கள் அகன்று, தடித்த சுரப்பால் நிறைந்து, சுவர் அழன்று, பின்னர் நார்ப்பட்டுச் சுருங்குகின்றன. இந்த நிலைக்கு அந்தப் பெயரை 1951இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹாகன்சன் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சுருக்கம் நாளங்களின் நடுவில் நிகழ்வதால் காம்பு முழுவதும் புதைவதில்லை. நடுவே குறுக்காக ஒரு பிளவு விழுந்து, அதன் இரு உதடுகள் வெளியே தெரியும். வெள்ளை, பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் கெட்டியான கசிவு வரலாம், பல துளைகளிலிருந்து வரலாம், இரு பக்கமும் வரலாம். ஒரே துளையிலிருந்து, தானாக, நீர்போலவோ இரத்தம் கலந்தோ வரும் கசிவு அப்படிப்பட்டதல்ல. அதைத் தனியாக ஆராய வேண்டும்.

இதற்கு உறவான, ஆனால் வயதில் இளையவர்களைப் பிடிக்கும் ஒன்று நாளத்தைச் சுற்றிய அழற்சி. புகைபிடித்தலோடு இதற்குள்ள தொடர்பு வலுவானது. நாளத்தின் உட்சுவர் தோல்போல மாறி, உதிரும் செதில்களால் அடைபட்டு, கருவட்டத்தின் ஓரத்தில் சீழ்க்கட்டியாகி உடைந்து, ஆறி, மறுபடி உடைகிறது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் தழும்பு காம்பை இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. பிறவியிலேயே காம்பு உள்வாங்கியவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது, ஆகையால் சிலரில் எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஊசியால் சீழ் உறிஞ்சலும் தற்காலிகமாக ஆற்றும். திரும்பத் திரும்ப வந்தால் நோயுற்ற நாளத்தை வெட்டியெடுக்க வேண்டியிருக்கும்.

தெற்காசியாவில் மறக்கக் கூடாதது காசநோய். மார்பகக் காசநோயை 1829இல் முதலில் எழுதிவைத்தவரும் ஆஸ்ட்லி கூப்பரே. மேற்கு நாடுகளில் இது மிக அரிது. இந்தியாவின் வைத்தியசாலைத் தொகுப்புகளிலோ இளம் தாய்மாரிடையே ஒழுங்காகக் காணப்பட்டு வந்திருக்கிறது. வலி குறைந்த கட்டி, ஆறாத புண், அக்குளில் நெறி, உள்ளே இழுபட்ட காம்பு என்று அது புற்றுநோயின் எல்லா வேடங்களையும் போடும். நுரையீரலில் எதுவும் தெரியாமலே மார்பகத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. இதனோடு குழம்பும் இன்னொன்று, கிருமி எதுவும் தெளிவாகப் பிடிபடாத சிறுமணிக் கட்டி அழற்சி. 1972இல் தனி நோயாக விவரிக்கப்பட்ட இது, குழந்தை பெற்ற சில ஆண்டுகளுக்குள் இருக்கும் இளம் பெண்களைப் பிடிக்கிறது. இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிரானது. காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதக் கூட்டு மருந்து தேவை. மற்றதற்கு ஸ்டெராய்டு கொடுப்பது வழக்கம், அதையே தவறுதலாகக் காசநோயாளிக்குக் கொடுத்தால் நோய் பரவும். துண்டுத் திசுவை எடுத்து நுண்காட்டியில் பார்ப்பதோடு நில்லாமல் காசக் கிருமிக்கும் சோதிப்பது இந்தக் காரணத்தால்தான்.

புற்றுநோய் காம்பை எப்படி இழுக்கிறது? கட்டி தள்ளுமே ஒழிய இழுக்காது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் ஊடுருவும் மார்பகப் புற்றுநோயின் பெரும்பகுதி புற்றணுக்களால் ஆனதல்ல. புற்றணுக்கள் தம்மைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. அவை காயம் ஆறும்போது செய்வதைப்போலவே நாரை உற்பத்தி செய்கின்றன, தசை அணுக்களைப்போலச் சுருங்கவும் செய்கின்றன. இங்கே மட்டும் அந்த ஆறுதல் முடிவதே இல்லை. இப்படி இறுகும் நார் மார்பகத்தைத் தோலோடு பிணைக்கும் நாண்களைச் சுருக்கினால் தோலில் குழி விழும். அந்த நாண்களுக்கும் கூப்பரின் பெயர்தான். நாளங்களைச் சுருக்கினால் காம்பு உள்ளே போகும், அல்லது நேராக நோக்காமல் கட்டி இருக்கும் பக்கம் திரும்பும். இந்தத் திசைமாற்றம் உள்ளிழுபடுவதற்கும் முந்திய அடையாளம்; கண்ணாடி முன் நின்று பார்க்கும் பெண்ணே அதை முதலில் காண்பது வழக்கம்.

இங்கே ஒரு தவறான அச்சத்தை நீக்க வேண்டும். காம்பு உள்ளே போய்விட்டது என்றால் நோய் முற்றிவிட்டது என்று பலர் எண்ணி, அந்த எண்ணத்தாலேயே வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். புற்றுநோயின் கட்டத்தைக் குறிக்க உலகெங்கும் பயன்படும் டி.என்.எம். முறையில், காம்பு உள்ளிழுபட்டிருப்பதோ தோலில் குழி விழுந்திருப்பதோ மட்டும் நோயை மேல் கட்டத்துக்கு ஏற்றுவதில்லை. தோல் புண்ணாகி உடைவதும், தோலில் தனிக் கணுக்கள் தோன்றுவதும், தோடம்பழத் தோல்போல் வீங்குவதும்தான் ஏற்றும். காம்புக்கு அருகே இருக்கும் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறு கட்டியும் காம்பை இழுத்துவிடும். அந்த நிலையில் வருபவருக்குப் பல நேரம் மார்பகத்தைக் காப்பாற்றியே சிகிச்சை செய்ய முடியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு: கட்டி எதுவும் தட்டுப்படவில்லை என்பது ஆறுதல் தரும் செய்தியல்ல. நுண்மடல்களிலிருந்து எழும் வகைப் புற்றுநோயில் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒரு புரதம் இல்லாமற்போவதால் அவை கட்டியாகத் திரளாமல் ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊர்கின்றன. விரலுக்கு ஒரு தடிப்பு தெரியலாம், தெரியாமலும் போகலாம். மமோகிராமிலும் தப்பிவிடலாம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் காம்பின் மாற்றமே ஒரே அறிகுறியாக இருந்துவிடுகிறது.

1874இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பாஜெட் விவரித்த நோயில் காம்பு இழுபடுவதைவிட அரிபட்டுத் தட்டையாகிறது. சிவந்து, செதிலுதிர்ந்து, கசிந்து, அரிக்கும் அது பார்வைக்குக் கரப்பான்போல இருப்பதால் மாதக்கணக்கில் களிம்பு பூசிக் காலம் போகும். கரப்பான் பெரும்பாலும் இரு பக்கமும், கருவட்டத்தில் தொடங்கி வரும். பாஜெட் நோய் ஒரு பக்கத்தில், காம்பிலேயே தொடங்கிக் கருவட்டத்துக்குப் பரவும். இரண்டு வாரக் களிம்புக்கு அடங்காத, ஒரு பக்கக் காம்புப் புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதே வழி. பெரும்பாலான நோயாளிகளுக்கு உள்ளே ஒரு புற்றுநோயும் இருக்கும்.

ஆண்களும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 1 சதவீதம் ஆண்களுக்கு வருகிறது. ஆணின் மார்பில் திசு மிகக் குறைவு என்பதால் கட்டி காம்புக்கு நேர்கீழே இருக்கும். காம்பு சீக்கிரமே இழுபடும். வில்கமுவவில் இதற்கு ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட உலர்வலயப் பிரதேசங்களில் அதுவும் ஒன்று. நோயாளிகளில் கணிசமானோர் வயலில் உழைக்கும் ஆண்கள். சிறுநீரகச் செயலிழப்பு முற்றும்போதும் இரத்தச் சுத்திகரிப்புத் தொடங்கும்போதும் இயக்குநீர்ச் சமநிலை குலைந்து ஆண்களுக்கு மார்பு பெருப்பதுண்டு. ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளும் அதைச் செய்யும். அந்த வீக்கம் காம்பைச் சுற்றிச் சீரான வட்டமாக, தொட்டால் நோவதாக இருக்கும்; காம்பை இழுக்காது. ஆண் ஒருவருக்கு ஒரு பக்கக் காம்பு உள்ளே போனால், அதைச் சிறுநீரக நோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பரிசோதனை கண்ணிலிருந்து தொடங்குகிறது. பெண்ணை வெளிச்சத்தில் அமரவைத்து, முதலில் கைகளைத் தொங்கவிட்டும், பின் தலைக்கு மேல் உயர்த்தியும், அதன்பின் இடுப்பில் ஊன்றி அழுத்தியும் இரு மார்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இடுப்பை அழுத்தும்போது மார்புத் தசை இறுகுவதால், ஓய்வாக இருக்கையில் மறைந்திருந்த இழுப்பு வெளிப்படும். முன்னுக்குக் குனியச் சொல்வதும் இதற்காகவே. ஒரு மார்பு தாராளமாகத் தொங்க மற்றது பிடித்து வைத்ததுபோல் நின்றால் உள்ளே ஏதோ கட்டிப்போட்டிருக்கிறது. பிறகு காம்பை மெல்ல அழுத்தி வெளியே வருகிறதா என்று பார்ப்பது, கருவட்டத்துக்குக் கீழும் அக்குளிலும் விரல்களால் தடவுவது. கேள்விகளில் முதலாவது: எப்போதிலிருந்து? அடுத்தவை: ஒரு பக்கமா இரண்டா, பால் கொடுத்தபோது வெளியே இருந்ததா, கசிவு உண்டா, அடி பட்டதா, தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்ததா. பால் கொடுத்தபோது எப்படி இருந்தது என்ற கேள்வி பயனுள்ளது. திகதி நினைவில் இல்லாத பெண்ணுக்கும் பிள்ளை குடித்த விதம் நினைவில் இருக்கும்.

பிரிட்டனில் 50 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு ஒரு காம்பு மட்டும் புதிதாக உள்ளே போனால், புற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் விரைவு வழியில் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று 2015இன் வழிகாட்டி சொல்கிறது. வயது குறைந்தவரை அனுப்ப வேண்டாம் என்பது அதன் பொருளல்ல. இலங்கையில் மமோகிராம் எல்லாருக்கும் எடுக்கும் தேசியத் திட்டம் இல்லை. அதன் இடத்தை ஓரளவு நிரப்புவது 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக், சிங்களத்தில் சுவநாரி. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் தோறும் நடக்கும் இந்தக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கருப்பைக் கழுத்துச் சோதனை ஆகியவற்றோடு மார்பகமும் பரிசோதிக்கப்படுகிறது. 35 வயதுப் பெண்கள்தான் அதன் முதல் இலக்கு. வில்கமுவவுக்கும் தனியான சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு இருக்கிறது. நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மார்பகத்தில் என்பதால், இந்தக் கிளினிக்கில் செலவாகும் பத்து நிமிடம் மலிவானது. அறிகுறி உள்ளவர் 35 வயதுக்கோ கிளினிக் நாளுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலிருந்தே அறுவை கிளினிக்குக்கு அனுப்பப்படலாம்.

அங்கிருந்து வழி மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ போகிறது. மலையைச் சுற்றிப் பேருந்தில் போய்வருவதற்கு ஒரு நாள் கூலி போகும். அறுவடை நேரத்தில் இரண்டு முறை போவது பலருக்கு இயலாது. ஆகவே எத்தனை முறை வர வேண்டும், எதற்காக என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது சிகிச்சையின் ஒரு பகுதி என்றே கொள்ளலாம். நிபுணரின் ஆய்வு மூன்று கால்களில் நிற்கிறது: கைப் பரிசோதனை, படம், தேவைப்பட்டால் திசுத் துண்டு. நாற்பதுக்குக் கீழே மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் ஸ்கேன் முதலில். அதற்கு மேல் மமோகிராமும் ஸ்கேனும். உள்ளே போன காம்பே மமோகிராமில் ஒரு கட்டிபோல நிழலிடக் கூடும் என்பதால், காம்பு பக்கவாட்டில் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். கருவட்டத்துக்கு நேர்கீழ்ப் பகுதியை ஸ்கேனால் தனியாகத் தேட வேண்டும். இரண்டிலும் எதுவும் தெரியாமல் சந்தேகம் மட்டும் நீடித்தால் எம்.ஆர்.ஐ. துணைக்கு வரும். சந்தேகத்துக்குரிய இடம் ஏதும் இருந்தால், தோலை மரக்கச் செய்து, தடித்த ஊசியால் அரிசி அளவிலும் மெல்லிய சில துண்டுகள் எடுக்கப்படும். ஊசி குத்தினால் நோய் பரவும் என்று ஊரில் சொல்லப்படுவதற்கு ஆதாரம் இல்லை.

மூன்று சோதனையும் ஒத்து, நாள விரிவு என்றோ வயதின் சுருக்கம் என்றோ முடிவானால் காம்புக்குச் சிகிச்சை எதுவும் தேவைப்படாது. உள்மடிந்த குழியில் வியர்வையும் செதிலும் தங்கிப் புண்ணாகாமல் வெறும் நீரால் கழுவி உலர்த்திக்கொண்டால் போதும். மாதம் ஒரு முறை கண்ணாடி முன் பார்க்கும் பழக்கத்தை விடாமல், இழுப்பு கூடினாலோ புதிய கசிவோ தடிப்போ வந்தாலோ மறுபடி காட்ட வேண்டும். மூன்றில் ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துப்போகாவிட்டால், உதாரணமாகப் படத்தில் சந்தேகம் இருக்க, துண்டுத் திசுவில் புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தால், துண்டு தவறான இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம் என்று கொண்டு சோதனையைத் திரும்பச் செய்வதே நடைமுறை.